சுசீலா எங்கே இறங்குவாள்

போன மாதம் ஒரு கல்லூரியில் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். அவர்கள் போட்டதிலும் தப்பில்லை, நான் வாங்கிக்கொண்டதிலும் தப்பில்லை. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத ஒருத்தி, தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் தலை நரைக்கிற வரைக்கும் தொடர்கதை எழுதியிருக்கிறாள் என்றால் சால்வை போடத்தான் வேண்டும்.

பேச்சு முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள். “அம்மா, நாவல் எழுதுறதுக்கு முன்னாடியே முழுசா திட்டம் போட்டுக்குவீங்களா, இல்ல போற போக்குல எழுதுவீங்களா?”

பக்கத்தில் இருந்தவன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான். “இப்பல்லாம் இதுகிட்ட கேட்டா கடைசி அத்தியாயம் வரைக்கும் திட்டம் போட்டுக் குடுத்துடும்மா.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “ரெண்டும்தாம்மா” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மரியாதைக்குக் கை தட்டினார்கள். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன். எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும். பிழைகளை மும்தாஜ் பார்த்துக்கொள்வாள். அவள் யாரென்று வருகிற இடத்தில் சொல்கிறேன்.

பத்திரிகை ஆபீசுக்கு நான் போனது கூட்டிப் பெருக்க. வீட்டுக்காரர் இறந்த பிறகு நடவு வேலையை விட்டுவிட்டு, மானம்புச்சாவடிப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு வந்த புதிது. அங்கே தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வாரம் கதை அனுப்பாமல் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பக்கம் காலியாகக் கிடந்தது. நான் துடைப்பத்தோடு நின்றபடி, “அந்த மாமியார்க்காரி சாவிய கிணத்துல போட்டிருப்பா, வேற என்ன” என்றேன். ஆசிரியர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வாரம் மாமியார் சாவியைக் கிணற்றில் போட்டாள். அடுத்த வாரமும் நான்தான் சொன்னேன். கூட்டுவதற்கு வேறு ஆள் வைத்தார்கள். நடவு வயலில் குனிந்த முதுகோடு பக்கத்து வரிசைக்காரிகளுக்குக் கதை சொன்ன பழக்கம் ஒன்றைத் தவிர எனக்கு வேறு பயிற்சி கிடையாது. அது போதும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலை நடக்கிற விதம் இப்படி. மும்தாஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பிள்ளை பெற்றவள், வாய்க்குப் பூட்டுக் கிடையாது, கை வேகம் அதைவிட அதிகம். அவள் பக்கத்தில் ஒரு முக்காலி எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அவள் அடிப்பாள். திருப்பிப் படித்துக் காட்டுவாள். காதுக்கு இடறினால் மாற்றுவேன். பிறகு தாளில் எடுத்து ஐயாவிடம் போகும். அவர் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படிப்பார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே சொல்தான்: “சரிங்க.” எது எந்தச் சரிங்க என்று கண்டுபிடிக்கவே எனக்கு வருடக்கணக்கானது.

ஐயா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வாய்க்காலுக்கு எந்த முறை, எந்த மதகு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று அட்டவணை போட்டே காலம் தள்ளியவர். அவருடைய அறையில் சுவரோடு சுவராக ஒரு கொடிக்கயிறு கட்டியிருக்கும். மற்ற எழுத்தாளர்கள் எல்லாரும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் அட்டை எழுதி அதில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். கடைசி அட்டை தொங்கினால்தான் முதல் அத்தியாயம் அச்சுக்குப் போகும். என் இடம் மட்டும் வெறுங்கயிறு.

“ஞானம்மா, ஆத்துல எப்ப தண்ணி தொறப்பாங்கன்னு தெரியாம எவனாவது நாத்து விடுவானா? நீங்க பண்றது அப்படித்தான் இருக்கு.”

“தேதி சொல்லிட்டுத் தொறக்காத வருசமும் உண்டுங்களே ஐயா. அப்ப ஜனங்க கையக் கட்டிக்கிட்டா உக்காந்துச்சு? உளுந்தத் தெளிச்சுச்சு.”

“சரிங்க” என்பார். அது பிடிக்காத சரிங்க.

அடுத்த வாரம் என்ன என்று தெரிந்துவிட்டால் எனக்குச் சொல்ல வராது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. பஸ்ஸில் பார்த்தது, ரேஷன் கடையில் கேட்டது, கோயில் வாசலில் யாரோ யாரையோ முறைத்தது, எல்லாம் உள்ளே போய்விடும். கண்ணை மூடினால் வாய் வழியாக வரும். எது எங்கிருந்து வந்தது என்று நான் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சீர்காழியில் ஒரு ஞானஸ்நான விசேஷத்துக்குப் போனபோது, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல வீட்டுப் பெண் மாதிரி இருந்தாள். மடியில் ஒரு இட்லிப் பானை. மூடி சரியாக உட்காராமல் ஒரு சேலைத் தலைப்பு வெளியே தெரிந்தது. காலைப் பார்த்தேன். ஒரு காலில் பச்சை வார் செருப்பு, இன்னொரு காலில் பழுப்பு. இருட்டில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

பஸ் கும்பகோணம் தாண்டியது. பிறகு, “அக்கா, இது நேரா கடக்கரைக்குப் போவுமா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. சீர்காழில இறங்கி மினி பஸ் பிடிக்கணும். அங்க யாரு இருக்கா?”

“கூடப் படிச்சவ. மீன்காரவுங்க. அங்கல்லாம் நாங்க போற வழக்கமே இல்ல. அதான் போறேன்.”

ஜன்னல் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டியபோது முன்னங்கை தெரிந்தது. இஸ்திரிப்பெட்டியின் முனை, அச்சு வைத்த மாதிரி. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். மாயவரம் வரைக்கும் நாங்கள் இருவரும் வயலையே பார்த்துக்கொண்டு போனோம்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ நாள் கழித்து ஒரு புதுத் தொடர் ஆரம்பித்தேன். கண்ணை மூடினேன். சுசீலா என்று ஒருத்தி, ஒரு கால் பச்சை, ஒரு கால் பழுப்பு, மடியில் துணி திணித்த இட்லிப் பானையோடு தஞ்சாவூரில் பஸ் ஏறினாள். மும்தாஜ், “யக்கா, இது ஓடும்” என்றாள். ஐயாகூட நல்ல சரிங்கதான் சொன்னார். இரண்டாவது வாரம் பஸ் கும்பகோணம் தாண்டியது. இஸ்திரிப்பெட்டித் தழும்பை மட்டும் ஏனோ என் வாய் சொல்லவில்லை.

மூன்றாவது அத்தியாயத்தைச் சொல்லி முடித்திருந்தேன். சீர்காழி, மினி பஸ், கடற்கரைத் தெரு, கூடப் படித்தவள் ஓடி வந்து பானையை வாங்கிக்கொள்வது, எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. அப்போது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கையில் ஒரு சீப்புப் பூவன் பழமும் ஒரு துணிப்பையும்.

“சுசீலா கதை எழுதுற அம்மா நீங்கதானுங்களா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசகர் ஆபீஸ் தேடி வருவது என்றால் சும்மாவா? மும்தாஜுக்குக் கேட்கட்டும் என்று, “ஆமா தம்பி, நான்தான்” என்று சத்தமாகச் சொன்னேன்.

பெஞ்சில் உட்கார்ந்தார். வெண்ணாற்றங்கரையில் ஒரு ஊர், உரக்கடை வைத்திருக்கிறேன் என்றார். கதையை வரி வரியாகச் சொன்னார். நான் மறந்துபோனதைக்கூட அவர் சொன்னார். “பச்சைச் செருப்பு எந்தக் கால்ல, பழுப்பு எந்தக் கால்லன்னு எழுதாம விட்டுட்டீங்களே அம்மா?”

“அதையா கவனிச்சீங்க” என்று சிரித்தேன். “இடது காலு பச்சை.”

அவரும் சிரித்தார். பையைத் திறந்து இரண்டு செருப்புகளை எடுத்து மேஜை மேல், பழச்சீப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வலது காலுக்கு ஒரு பச்சை. இடது காலுக்கு ஒரு பழுப்பு.

“இதுக்கு ஜோடி உங்க கதையிலதாங்க இருக்கு” என்றார். “பச்சை அவளோடது. பழுப்பு எங்கம்மாவோடது. வீட்ல இது ரெண்டும்தான் கெடந்துச்சு.”

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வெள்ளம் வந்து கொள்ளிடக் கரை அதிர்வதைப் பார்த்திருக்கிறேன். இது வேறு. என் கண் தானாகக் கம்ப்யூட்டர் பக்கம் போனது. சீர்காழி என்ற சொல் திரையின் நடுவில் நின்றது. அவர் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

திரை அணைந்தது.

“கரண்டு போச்சு” என்றாள் மும்தாஜ்.

அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாப் போவும் சார். ப்ளக்கு லூசு. ஓனருகிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது” என்றாள் அவள். மேஜைக்கு அடியில் அவளுடைய கால் பிளக்கின் மேல் இருந்தது. அந்த அத்தியாயத்தை அவள் இன்னும் சேமித்து வைத்திருக்கவில்லை. அப்படியே போனது. இன்றுவரை அந்தக் காலுக்கு நான் ஜெபத்தில் நன்றி சொல்லுகிறேன்.

“அடுத்த வாரம் சுசீலா எங்க இறங்குவா அம்மா?” என்று கேட்டார்.

“எனக்கே தெரியாதுங்க தம்பி. அப்பப்பத்தான் வரும்.”

“வரட்டும். நான் கோவிச்சுக்கவே மாட்டேங்க. திரும்பி வந்தான்னா இஸ்திரி போட்ட சேலை மாதிரி மடிச்சு பத்திரமா வச்சுக்குவேன்.” எழுந்து நின்று கும்பிட்டார். “செருப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். பாத்துக்கிட்டே எழுதுங்க. சனிக்கிழமை வாரேன்.”

அவர் போன பிறகு ஐயா அறையிலிருந்து வெளியே வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பஸ்ஸில் வந்த பெண்ணைப் பற்றி, தழும்பைப் பற்றி, நான் சொன்னேன். தொடரை நிறுத்திவிடலாம் என்று அழுதேன்.

“நிறுத்தினா உங்களுக்குத் தெரியும்னு அவருக்கு உறுதியாயிடும்.”

“போலீசுக்குப் போவோம் ஐயா.”

“பொண்டாட்டியக் காணோம்னு அவரு ஏற்கெனவே எழுதிக் குடுத்திருப்பாரு. நாம போயி எங்களுக்கு இடம் தெரியும்னு சொல்லணும். அவங்க தேடிக் கண்டுபிடிச்சு அவர் கையிலயே ஒப்படைச்சுட்டு நமக்கு நன்றியும் சொல்லுவாங்க.” கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். “கதை போகட்டும். ஆனா இந்தக் கதைக்கு அட்டை மாட்டாம ஒரு வரி அச்சுக்குப் போகக் கூடாது. சுசீலா மேற்க போறா.”

என் வெறுங்கயிற்றில் அன்றைக்கு முதல் தடவையாக அட்டைகள் தொங்கின. ஐயாவே எழுதினார். சுசீலா கும்பகோணம் தாண்டியதும் மனம் மாறி இறங்குகிறாள். திரும்பி ரயில் ஏறுகிறாள். திருப்பூர் போகிறாள். பனியன் கம்பெனியில் சேருகிறாள். நம் பக்கத்து ஜனம் எத்தனையோ அங்கே போயிருக்கிறது, நம்பும்படி இருக்கும் என்றார். ஒவ்வொரு அட்டையும் அந்தப் பெண்ணைக் கடலிலிருந்து இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக் கொண்டுபோனது. மதகு அடைக்கிற மனுஷர் அல்லவா? ஒவ்வொன்றாக அடைத்தார்.

நான் அட்டையைப் பார்த்துச் சொன்னேன். பார்க்காத ஊரைச் சொன்னேன். செருப்பு இரண்டும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து அலமாரியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. மும்தாஜ் அவற்றின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டாள். துணிக்கு அடியில் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது. எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை தவறாமல் வந்தார். தவறாமல் பழச்சீப்பு. நாங்கள் யாரும் தொடவில்லை. மும்தாஜ் அதைத் தெருவில் நிற்கும் ஒரு மாட்டுக்குப் போடுவாள். “இந்த தஞ்சாவூர்லயே அந்த ஆளுக்குப் பயப்படாத ஒரே சீவன் இதுதாங்க்கா” என்பாள்.

திருப்பூருக்கு நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நீங்க எழுதுன ஸ்டாப்புல டீக்கடையே இல்லீங்களே அம்மா. சுத்திச் சுத்திப் பாத்தேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்து நிழலில் அவருடைய வண்டி நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். “இந்தப் பக்கந்தான் வீடுங்களா? தனியாவா இருக்கீங்க?” என்று விசாரித்தார். அதற்குப் பிறகு பட்டப்பகலில்கூட நான் கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்தேன். வெளியில் ஒரு வண்டிச் சத்தம் மெதுவானால் போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். பஸ்ஸில் வந்தவள் மட்டும் என் கண்ணில் நின்றாள். கடற்கரையில் யாரோ ஒருத்தியின் வீட்டில், யாரும் தேடி வர மாட்டார்கள் என்ற தைரியத்தில், தண்ணிக் குடத்தோடு தெருவில் நடந்துபோகிறவள். அவளுக்கும் இந்த ஆளுக்கும் நடுவில் இருப்பது என் வாய் ஒன்றுதான்.

கதை என்னவானது? செத்துப்போனது. மும்தாஜ்தான் சொன்னாள். “யக்கா, சுசீலா நடக்குறா, சாப்புடுறா, வேலைக்குப் போறா. ஆனா செத்துட்டாக்கா. எங்க வீட்டுக்காரரு படிக்கிறத நிப்பாட்டிட்டாரு.”

“ஏடி, கதை நல்லா இருக்கணுமா, அந்தப் பொண்ணு உயிரோட இருக்கணுமா?”

“ரெண்டும் இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

அட்டையில் ஒரு நாள், “ஞாயிறு, தனிமை” என்று மட்டும் இருந்தது. தூக்கமே இல்லாத வாரம். கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தேன். சுசீலா மொட்டை மாடிக்குப் போனாள். சாக்கை விரித்தாள். கருவாட்டைக் காயப்போட்டாள். கையில் ஒரு குச்சியோடு காக்காயை விரட்டினாள். மும்தாஜ் வேகமாக அடித்தாள், வெகு நாளைக்குப் பிறகு வாய் ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில். ஐயா நின்றபடி படித்தார். அட்டையில் தனிமை என்று இருந்தது, கதையிலும் தனிமை இருந்தது. “சரிங்க” என்றார். அச்சாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை புத்தகம் கைக்கு வந்ததும் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கருவாடு என்ற இடத்தில் விரல் நின்றது. எந்தத் திருப்பூரில் எந்த வீட்டு மாடியில் சாக்கு விரித்துக் கருவாடு காயப்போடுகிறார்கள்? திட்டம் சுசீலாவை மேற்கே கொண்டுபோனது. என் வாய் எனக்கே தெரியாமல் கடற்கரையை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது.

சனிக்கிழமை ஐயா அச்சகத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்தார். பழம் இல்லை. புத்தகத்தை அந்தப் பக்கத்தில் மடித்துக் கையில் வைத்திருந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. என் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இது கடலோரத்துக்காரவுங்க பண்ற வேலையில்லீங்களா அம்மா?”

புத்தகத்தை என் மடியில் போட்டார்.

“அவளுக்குக் கருவாட்டு வாசமே ஆவாது. தெருக்கோடியில யாராவது சுட்டாலே வாந்தி எடுப்பா. எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா? அவளே மாடில காயப்போடுறான்னா, அவளுக்கு யாரோ பழக்கிவிட்டிருக்காங்க.” குனிந்தார். வாயில் பாக்கு வாசம். “அவகூட ஸ்கூல்ல மீன்காரப் பொண்ணு ஒருத்தி படிச்சா. பேரு ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. வந்துரும்.”

மும்தாஜின் விரல்கள் கீபோர்டு மேல் அப்படியே நின்றன. கயிற்றைப் பார்த்தேன். எந்த அட்டையிலும் இதற்குப் பதில் இல்லை. அட்டை எழுதினவரும் இல்லை. எப்போதும் செய்கிறதைச் செய்தேன். கண்ணை மூடினேன்.

“யாரு உங்க பொண்டாட்டி?” என்று என் வாய் கேட்டது. “நீங்க எதச் சொல்றீங்க தம்பி? எஞ் சுசீலா கருவாடு இல்லாம கஞ்சியே குடிக்க மாட்டாளே.”

“அம்மா, செருப்பு...”

“செருப்பு செருப்புன்னு வாரீங்க. பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒரு பொண்ணு காலுல பாத்தேன். மூஞ்சிய யாரு பாத்தா? எங் கண்ணு எப்பவும் காலுக்குத்தான் போவும். செருப்ப மட்டும் எடுத்துக்கிட்டேன், பானைய எடுத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணு எந்த பஸ்ஸுல ஏறுனாளோ, நானா கூடப் போனேன்? ஆளு என்னுது. சுசீலா என்னுது. வாரா வாரம் வந்து பழத்த வச்சுட்டு எம் புள்ளைய உங்க பொண்டாட்டிங்கிறீங்களே, இது நியாயமா? அடியே மும்தாசு, அடி. அவரும் கேக்கட்டும்.”

சொல்லத் தொடங்கினேன். சுசீலா நல்ல கறுப்பு. நாகப்பட்டினம் பக்கத்துக் கருவாட்டுக்காரி மகள். இடது கைப் பழக்கம். குறட்டை விடுவாள், பக்கத்து அறைக்காரி சண்டைக்கு வருவாள். காக்காயைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். கம்பெனி சூப்பர்வைசர் ஒருநாள் சீண்டினான், கருவாட்டுக் கூடையை அவன் தலையில் கவிழ்த்தாள். சிரித்தால் தெருவுக்கே கேட்கும். சம்பளம் வந்த அன்றைக்கு சினிமாவுக்குப் போய் முன் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு விசிலடிப்பாள். மும்தாஜ் அடிக்கிற சத்தம் மழை மாதிரி கேட்டது. நடுவில் அவள் சிரித்துவிட்டாள், நிஜமான சிரிப்பு. என் வாய் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தை அல்ல, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக அந்தக் கதைக்குள் அவர் ஊரைத் தேடவில்லை, அவளைத் தேடியிருக்கிறார். ஊரை மாற்றி என்ன பிரயோஜனம்? நாங்கள் தள்ளிவிட்ட இடமெல்லாம் பின்னால் வந்தார். இந்தக் கறுப்புச் சுசீலாவுக்குள் தேடிப் பார்த்தார். அவள் அங்கே இல்லை.

“இப்படி ஒரு பொம்பளையா” என்றார் கடைசியில். அருவருப்பு மாதிரி இருந்தது. “இவ அவ இல்லீங்க.”

“அதத்தான தம்பி சொல்றேன்.”

எழுந்து போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆனது. வண்டிச் சத்தம் தெரு முனை திரும்புகிற வரைக்கும் நாங்கள் அசையவில்லை. பிறகு மும்தாஜ் என் மடியில் தலையை வைத்து ஓவென்று அழுதாள்.

ஐயா வந்தார். மும்தாஜ் எடுத்துக் கொடுத்த தாளை ஜன்னலோரமாக நின்று படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு கயிற்றில் இருந்த என் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிளிப்புகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “சரிங்க” என்றார். அந்தச் சரிங்கவை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. சுசீலா திருப்பூரில் கருவாட்டுக் கடை போட்டு, எங்கள் பத்திரிகையிலேயே அதிக நாள் ஓடிய கதையானாள். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலைப் பார்த்தபடியேதான் நான் கதை சொன்னேன். வெகு நாள் கழித்து மும்தாஜ் யார் மூலமோ விசாரித்துவிட்டு வந்தாள். அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாராம். ஒருத்தியை விட்டுவிட்டார் என்று நிம்மதிப்படுவதா, இன்னொருத்தி அந்த வீட்டுக்குள் போய்விட்டாள் என்று பயப்படுவதா? அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை.

கடற்கரைக்குப் போனவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்ததில்லை. விசாரிக்கப் போகிறவள் பின்னால் யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? சீர்காழி வழியாகப் போக நேர்ந்தால் மினி பஸ் நிற்கிற பக்கம் நான் தலையைத் திருப்புவதில்லை.

கேட்ட பெண்ணுக்குப் பதில் இதுதான். போகிற போக்கில்தான் எழுதுகிறேன், வேறு மாதிரி எனக்கு வராது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கதைக்கும் ஒரே ஓர் அட்டை மாட்டினேன். என்ன நடக்கும் என்பதற்கு அல்ல. கதைக்குள் யார் வந்துவிடக் கூடாது என்பதற்கு. அதில் எழுத்து எதுவும் இருக்காது, வெறும் அட்டைதான். பார்த்தால் எனக்குத் தெரியும். கைபேசி போடுகிற திட்டத்தில் அந்த அட்டை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செருப்பு இரண்டும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவர் திரும்பக் கேட்கவில்லை, நானும் எறியவில்லை. குப்பையில் போட்டால் யார் கண்ணிலாவது படும் என்ற பயம்தான். அன்றைக்குச் சால்வையோடு மேடையிலிருந்து இறங்கியபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து கும்பிட்டார். “உங்க கதையில வர்ற ஒரு பொண்ணு, அப்படியே எங்க வீட்ல இருந்தவங்க மாதிரியே இருக்கும்மா” என்று சிரித்தார். பாவம், நல்ல மனுஷராகத்தான் இருப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் பை இருக்கிறதா என்று பார்த்தேன்.